சட்டம் வந்துவிட்டது, உங்கள் காணிக்கு வந்ததா?

"பின்வளவில் இன்னொரு வீடு கட்டலாம் என்று சட்டம் வந்துவிட்டது. இனி யாரையும் கேட்கத் தேவையில்லை." ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வீடு வைத்திருக்கும் தமிழரிடையே இன்று வேரூன்றியிருக்கும் எண்ணம் இது. வீடு விற்கும் முகவர் இதைச் சொல்கிறார், கொன்ட்ராக்டர் சொல்கிறார், கலியாண மண்டபத்துப் பேச்சிலும் இதுவே அடிபடுகிறது. இதன் பின்னால் இருக்கும் தேவை உண்மையானது. ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு மாடிப்படி ஏறாமல் வாழ ஓர் இடம் வேண்டும். வளர்ந்த பிள்ளைகளால் இந்த நகரத்தில் தனியாக வீடு வாங்க முடியவில்லை. மோட்கேஜ் கட்ட வாடகை வருமானம் உதவும். ஆனால் தேவை உண்மையானது என்பதால் அதைச் சுற்றி எழும் ஒவ்வொரு நம்பிக்கையும் உண்மையாகிவிடாது. சோனிங் என்று எல்லோரும் சொல்லும் வலய விதியைப் பார்ப்பது வெறும் சம்பிரதாயம், அதைப் பிறகு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்பது பிழையான நம்பிக்கை. அது பணத்தையும் பறிக்கும், சில வேளை உயிரையும் பறிக்கும். பின்வளவு வீடுகள் வேண்டும், இன்னும் நிறைய வேண்டும் என்ற பக்கத்தில் நின்றே இதைச் சொல்கிறேன்.

அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கடந்த சில ஆண்டுகளில் சட்டம் பெரிதும் மாறியிருக்கிறது என்பது மெய். 2018-இல் ரொறன்ரோ மாநகரசபை, பின்னால் சந்து உள்ள காணிகளில் சந்துவீடு கட்ட வழி திறந்தது. முதலில் பழைய நகரப்பகுதிக்கு மட்டும் இருந்த அந்த அனுமதி மறு ஆண்டில் நகர் முழுதுக்கும் விரிந்தது. ஆனால் பின்சந்துகள் பெரும்பாலும் பழைய நகரத்தில்தான் உள்ளன. ஸ்காபரோ போன்ற இடங்களுக்கு உண்மையான மாற்றம் 2022 பெப்ரவரியில், சந்து இல்லாத காணியிலும் பின்வளவு வீடு கட்டலாம் என்று மாநகரசபை முடிவெடுத்தபோதுதான் வந்தது. சில குடியிருப்பாளர் சங்கங்கள் அதை எதிர்த்து ஒன்ராறியோ நிலத் தீர்ப்பாயத்துக்குப் போயின. அந்த மேன்முறையீடு அதே ஆண்டு யூலையில் தள்ளுபடியானது. 2022 நவம்பரில் மாகாண அரசு 23-ஆம் சட்டமூலத்தை நிறைவேற்றி, நகர்ப்புறக் குடியிருப்புக் காணி ஒன்றில் 3 குடியிருப்புகள் வரை உரிமையாகவே இருக்கலாம் என்று மாகாணம் முழுதுக்கும் வகுத்தது. 2023 மே மாதம் ரொறன்ரோ ஒரே கட்டடத்தில் 4 குடியிருப்புகளை நகரெங்கும் அனுமதித்தது. இத்தனையும் ஐந்தாண்டுகளுக்குள் நடந்தன. தனிவீடு தவிர வேறெதுவும் கூடாது என்று பல பத்தாண்டுகளாகப் பூட்டியிருந்த தெருக்கள் திறந்தன. ஆகவே "சட்டம் வந்துவிட்டது" என்ற முதல் பாதி உண்மை. "இனி யாரையும் கேட்கத் தேவையில்லை" என்ற இரண்டாம் பாதியில்தான் பிழை இருக்கிறது.

23-ஆம் சட்டமூலம் உண்மையில் என்ன செய்தது? ஒரு காணியில் எத்தனை குடும்பங்கள் வாழலாம் என்ற கேள்விக்கு அது பதில் சொன்னது. அந்தக் குடியிருப்பு எவ்வளவு உயரமாக, எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி, காணியின் எத்தனை பங்கை மூடி நிற்கலாம் என்ற கேள்விகளை அது நகரசபைகளிடமே விட்டது. எண்ணிக்கைக்குக்கூட அது வரம்பு வைத்திருக்கிறது. பிரதான வீட்டுக்குள் 3 குடியிருப்புகள் இருக்கலாம், அல்லது வீட்டுக்குள் 2-உம் பின்வளவில் 1-உம் இருக்கலாம். நகரசபைக் குழாய்நீரும் கழிவுநீர்க் குழாயும் உள்ள காணிக்கே அந்த உரிமை உண்டு. நகர விளிம்பில் கிணற்றையும் மலக்குழியையும் நம்பியிருக்கும் வீட்டுக்கு அது தானாகப் பொருந்தாது. இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், மாகாணம் அளவுகளிலும் கைவைத்தது. இவ்வகைக் குடியிருப்பு உள்ள காணியில் கட்டடங்கள் மூடக்கூடிய பங்கை நகரசபைகள் 45 வீதத்துக்குக் கீழே மட்டுப்படுத்தக் கூடாது என்றது. முன்வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் இடையில் 4 மீற்றருக்கு மேல் இடைவெளி கேட்கக் கூடாது என்றது. ரொறன்ரோவின் 2022 விதி குறைந்தது 5 மீற்றர் கேட்டது. அப்படியானால் 2022-இல் அளந்து பார்த்து, இடம் போதாது என்று கைவிட்ட ஒருவருடைய காணி இன்று பொருந்தக்கூடும். அன்று பொருந்திய வரைபடமும் இன்று வேறொரு விதியில் இடறக்கூடும். விதியைப் பார்ப்பது "முடியாது" என்ற பதிலைத் தேடிப் போவது என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாராமல் இருப்பவர் தமக்குக் கிடைத்திருக்கும் "முடியும்" என்ற பதிலையும் சேர்த்தே இழக்கிறார்.

இனிக் காணிக்குள் இறங்குவோம். பின்வளவு வீட்டுக் கனவுகள் பெரும்பாலும் வளவின் பரப்பைப் பார்த்துத்தான் பிறக்கின்றன. ஆனால் விடையைத் தீர்மானிப்பது பல வேளைகளில் வீட்டின் பக்கவாட்டில் உள்ள ஒடுங்கிய நடைவழி. பின்வீட்டில் தீப்பிடித்தால் தீயணைப்பு வீரர்கள் அந்த வழியால்தான் குழாயை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். அதற்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலத்தில், தலைக்கு மேலும் தடையில்லாத ஒரு பாதை வேண்டும். தெருவிலிருந்து பின்வீட்டு வாசல் வரையான தூரம் பொதுவாக 45 மீற்றருக்குள் இருக்க வேண்டும். தண்ணீர் தெளிப்பான் போன்ற மேலதிகப் பாதுகாப்பு இருந்தால் அதை 90 மீற்றர் வரை நீட்ட இடமுண்டு. தெருவோரத் தண்ணீர்க் குழாய்த் தூணும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இப்போது ஸ்காபரோவின் வழமையான வீடொன்றை நினைத்துப் பாருங்கள். பக்கவாட்டு வழியில் எரிவாயு மீற்றர் துருத்திக்கொண்டு நிற்கும். குளிரூட்டியின் வெளிப்பெட்டி அங்கே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பேஸ்மென்ட்டை வாடகைக்கு விடுவதற்காக அதே வழியில் தோண்டி இறக்கிய படிக்கட்டும் தனி வாசலும் இருக்கும். முதல் வாடகைக் குடியிருப்புக்காகத் திறந்த வாசலே இரண்டாவது குடியிருப்புக்கான பாதையை அடைத்துவிடுகிறது. வளவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தத் தடை அப்படியேதான் இருக்கும். ஓர் அளவு நாடாவோடு அரை மணி நேரம் செலவிட்டால் தெரிந்துவிடும் இந்த உண்மையை, வரைபடக்காரருக்கும் கொன்ட்ராக்டருக்கும் முற்பணம் கொடுத்த பிறகு தெரிந்துகொள்வதில் என்ன பயன்?

மரமும் இப்படித்தான். தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளக்கும்போது 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ விட்டமுள்ள எந்த மரத்தையும், அது உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும், ரொறன்ரோவில் அனுமதியின்றி வெட்டவோ காயப்படுத்தவோ முடியாது. வேலிக்கு அப்பால் நிற்கும் அயலவரின் மேப்பிள் மரத்தின் வேர் உங்கள் வளவுக்குள் ஓடினால் அதுவும் கணக்கில் வரும், ஏனென்றால் அத்திவாரம் தோண்டும்போது அறுபடுவது அந்த வேர்தான். பள்ளத்தாக்குப் பாதுகாப்பு எல்லைக்குள் காணி இருந்தால் மரத்தின் அளவு கேள்வியே இல்லை, எல்லா மரங்களும் காக்கப்படுகின்றன. ஹைலண்ட் ஓடையும் ரூஜ் ஆறும் கிளைவிட்டு ஓடும் ஸ்காபரோவில் இந்த எல்லை பல வீடுகளின் பின்வேலியைத் தொடுகிறது. வெள்ளச் சமவெளியும் சரிவும் உள்ள இடங்களில் மாநகரசபைக்கு மேலாக ரொறன்ரோ வட்டார இயற்கைவளப் பாதுகாப்புச் சபையின் அனுமதியும் வேண்டும். இது யாரோ அலுவலகத்தில் இருந்து எழுதிய வெற்று விதி என்று சொல்கிறவர்களுக்கு 1954 ஒக்டோபர் 15-ஆம் திகதி இரவைச் சொல்ல வேண்டும். அன்று ஹேசல் புயல் கொட்டிய மழையில் ஒன்ராறியோவில் 81 பேர் மாண்டார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேரை வெள்ளம் அடித்துச் சென்றது. ஆற்றின் வழியில் வீடு கட்ட விட்டதன் விலை அது. அதன் பிறகுதான் வெள்ளச் சமவெளியில் கட்டக் கூடாது என்ற கொள்கை இந்த வட்டாரத்தில் உறுதிப்பட்டது. அந்த நிலங்கள் பலவும் இன்று பூங்காக்களாக இருக்கின்றன. பல விதிகளின் அடியில் இப்படி ஒரு சாவு கிடக்கிறது.

"ஒரே நகரம், ஒரே சட்டம்தானே, பக்கத்து வீட்டுக்காரர் கட்டினார், நாங்கள் ஏன் கட்ட முடியாது" என்று கேட்பது இயல்பு. ஆனால் ஒரே நகரத்துக்குள் ஒரே விதி இல்லை. 1998-இல் 6 நகரசபைகளை இணைத்துத்தான் இன்றைய ரொறன்ரோ உருவானது. அவற்றின் தனித்தனி விதிகளை ஒன்றாக்கி 2013-இல் 569-2013 என்ற பொது வலய விதி வந்தது. அப்போதும் சில காணிகள் அதற்குள் வரவில்லை, அவை இன்னும் பழைய நகரசபைகளின் விதிக்கே கட்டுப்பட்டவை. பொது விதிக்குள் வந்த காணிகளிலும் சிலவற்றுக்குத் தனி விதிவிலக்குகள் ஒட்டியிருக்கும். மிக அண்மைய உதாரணம் 2025 யூனில் கிடைத்தது. ஒரு கட்டடத்தில் 6 குடியிருப்புகள் வரை அனுமதிக்கும் திட்டத்தை மாநகரசபை நகர் முழுதுக்கும் நிறைவேற்றாமல் 9 வட்டாரங்களுக்கு மட்டும் நிறைவேற்றியது. ஸ்காபரோவில் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது 23-ஆம் வட்டாரமான வட ஸ்காபரோ மட்டுமே. வட்டார எல்லை ஒரு தெருவின் நடுவே ஓடினால், தெருவின் இந்தப் பக்கத்து வீட்டுக்கு உள்ள உரிமை எதிர்ப்பக்கத்து வீட்டுக்கு இல்லை. இதற்கும் அப்பால் காணி உறுதியில் பதிந்த உரித்துகள் உண்டு. மழைநீர் வடியும் தாழ்வான வாய்க்காலுக்கோ, நிலத்தடிக் குழாய்க்கோ, மின்கம்பிக்கோ வேறொருவருக்கு உங்கள் பின்வளவில் உரிமை எழுதியிருக்கலாம். வலய வரைபடம் அதைக் காட்டாது, உறுதியும் நில அளவைப் படமும்தான் காட்டும். பக்கத்து வீட்டைப் பார்த்துக் கட்டுவது அடுத்தவரின் மருந்துச் சீட்டை வைத்து மருந்து வாங்குவதற்குச் சமம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, விதிகள் கட்டுகிறவருக்கு எதிரானவை என்ற முடிவுக்கு வாசகர் வந்தால் என் வாதம் தோற்றுவிடும். நான் சொல்ல வருவது அதற்கு நேர்மாறானது. ஒன்ராறியோவில், கட்டட அனுமதிக்கான விண்ணப்பம் கட்டட விதிக்கும் பொருந்தும் ஏனைய சட்டங்களுக்கும் முரண்படாவிட்டால், தலைமைக் கட்டட அலுவலர் அனுமதியைக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் அவருடைய விருப்பம் அல்ல. உங்கள் வரைபடம் விதியின் ஒவ்வோர் அளவிலும் பொருந்தினால் அயலவரின் முகம் கோணினாலும் பரவாயில்லை, வட்டார உறுப்பினரின் தயவும் தேவையில்லை. பொதுக்கூட்டமோ கையெழுத்து வேட்டையோ உங்களைத் தடுக்காது. உரிமையாகக் கட்டலாம் என்று சட்டம் சொல்வதன் பொருள் இதுதான். அந்த உரிமை விதிக்குப் பொருந்தும் வரைபடத்துக்குத்தான் உண்டு. அரை மீற்றர் கூடினாலும் உரிமை போய்விடுகிறது, அதன் இடத்தில் விண்ணப்பமும் விசாரணையும் வந்து நிற்கின்றன. ஆகவே விதியைப் பாராமல் கட்டப் புறப்படுகிறவர், தம் கையில் இருந்த உரிமையைத் தாமே மற்றவர்களின் தயவாக மாற்றிக்கொள்கிறார். விதியைப் பார்ப்பது அனுமதி கேட்டுக் கைகட்டி நிற்கும் செயல் என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பது இங்கே விளங்கும். தன் உரிமையின் எல்லையைச் சென்ரிமீற்றர் கணக்கில் அறிந்துகொள்ளும் செயல் அது.

"பொருந்தாவிட்டால் என்ன, விதிவிலக்குக் கேட்டால் போயிற்று" என்பது அடுத்த வாதம். அதற்கென்றே ஒரு குழு இருக்கிறது, சிறு மாற்றங்களை அனுமதிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு, பலருக்கு அனுமதித்தும் இருக்கிறது. ஆனால் அந்தக் குழு நினைத்தபடி கொடுக்க முடியாது. கேட்கும் மாற்றம் நகரத் திட்டத்தின் பொது நோக்கத்துக்கு ஒத்ததா, வலய விதியின் நோக்கத்துக்கு ஒத்ததா, அந்தக் காணிக்கு ஏற்றதா, உண்மையில் சிறியதா என்ற நான்கு சோதனைகளையும் அது கடக்க வேண்டும். 60 மீற்றருக்குள் உள்ள காணிக்காரர் எல்லோருக்கும் அறிவித்தல் போகும், அவர்கள் வந்து எதிர்த்துப் பேசலாம். குழு சம்மதித்த பின் அயலவர் தீர்ப்பாயத்துக்கு இழுக்கும் வழியை 2022-இன் சட்டம் அடைத்தது உண்மைதான். ஆனால் குழுவே மறுத்தால் மேன்முறையீட்டுக்கு அலைவது நீங்கள்தான். இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. அந்தக் குழு வலய விதியைத்தான் தளர்த்த முடியும், கட்டட விதியை அதனால் தொட முடியாது. தீயணைப்புப் பாதை, எல்லையிலிருந்து 1.2 மீற்றருக்குள் நிற்கும் சுவரில் சாதாரண யன்னல் வைக்கக் கூடாது என்ற விதி ஆகியவை அதன் கைக்கு வெளியே உள்ளவை. அந்த யன்னல் விதி ஒரு வீட்டுத் தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இருக்க எழுதியது. அயலவர் எல்லோரும் சிரித்த முகத்தோடு சம்மதித்தாலும் தீ சம்மதிக்காது.

மிகக் கனமான மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. வலய விதி என்பதே வசதியானவர்கள் ஏழைகளையும் குடியேறிகளையும் தங்கள் தெருவுக்கு வெளியே வைக்க வகுத்த வேலி, அதை மதிக்கச் சொல்வது அநீதியை மதிக்கச் சொல்வது என்கிறார்கள். இதில் உள்ள வரலாற்று உண்மையை நான் மறுக்கவில்லை. ஒரு காணிக்கு ஒரு வீடு, ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம் என்ற விதி, வாடகைக்கு இருப்பவர்களைப் பல பத்தாண்டுகள் இந்த நகரத்தின் நல்ல தெருக்களிலிருந்து தள்ளி வைத்தது. ஆனால் அந்த வரலாறே நமக்கு வேறொரு பாடமும் சொல்கிறது. 1994-இல் ஒன்ராறியோ அரசு பேஸ்மென்ட் குடியிருப்புகளை மாகாணம் முழுதும் சட்டபூர்வமாக்கியது. அடுத்துவந்த அரசு 1996-இல் அந்த உரிமையைப் பின்வாங்கியது. அப்போது யார் தப்பினார்கள்? 1995 நவம்பர் 16-க்கு முன்பே பயன்பாட்டில் இருந்த குடியிருப்புகளின் உரித்து காக்கப்பட்டது. அதன் பின் கட்டியவர்கள் நகரசபை அனுமதிக்கும் வரை நிழலுக்குள் வாழ நேர்ந்தது. அரசு மாறும், சட்டமும் மாறும். அந்த மாற்றத்தில் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுவது, தான் கட்டிய நாளில் விதிக்கு உட்பட்டுக் கட்டியது என்று காட்டும் பதிவுதான். அநீதியான விதியை உடைக்க வேண்டியது நகரசபை மண்டபத்தில், பகிரங்கமாக. 2018-உம் 2022-உம் 2023-உம் அப்படி வென்றெடுத்த ஆண்டுகள். வென்ற உரிமையைப் பயன்படுத்தாமல் இருட்டில் கட்டுகிறவர், அந்த வெற்றிக்காக உழைத்தவர்களுக்கு எந்த உதவியும் செய்யவில்லை. "பார்த்தீர்களா, அனுமதித்தால் இப்படித்தான் ஆகும்" என்று எதிர்ப்பாளர்கள் சுட்டிக்காட்ட ஓர் உதாரணத்தைத்தான் அவர் கட்டிக் கொடுக்கிறார்.

"எத்தனை பேர் அனுமதி எடுக்காமல் கட்டியிருக்கிறார்கள், யாருக்கு என்ன நடந்தது?" என்ற கேள்வியும் உண்டு. ஊரோடு ஒத்தோடு என்று முன்னோர் சொன்னது பள்ளத்தை நோக்கி ஓடச் சொல்லி அல்ல. ஒன்றும் நடக்கவில்லை என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் இன்னும் நடக்கவில்லை என்பதைத்தான். ஒரு முறைப்பாடு போதும், பரிசோதகர் வாசலில் நிற்பார். அனுமதியின்றிக் கட்டிய தனிநபருக்கு முதற் குற்றத்துக்கே 50,000 டொலர் வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. கட்டியதை இடிக்கவோ திருத்தவோ ஆகும் செலவு அதற்கு மேலானது. வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் அனுமதிப் பத்திரத்தைக் கேட்பார். தீ விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பதும் அதைத்தான். பணக்கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். அந்த வீட்டில் படுத்துறங்கப் போகிறவர் யார்? நேற்று வந்து இறங்கிய மாணவர், இரவுவேலை முடித்து வரும் தொழிலாளி, அல்லது உங்களைப் பெற்ற தாய். அவர்களுக்கு வரைபடம் வாசிக்கத் தெரியாது, தப்பும் வழி எங்கே என்று கேட்கவும் தெரியாது. உங்கள் நேர்மையை நம்பித்தான் அவர்கள் அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள். விதியைப் பார்ப்பது வீட்டுக்காரரின் வசதிக்கான விஷயம் என்று மட்டும் பேசுகிறவர்கள் இந்த மனிதர்களைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

"கொன்ட்ராக்டர் எல்லாம் பார்த்துக்கொள்வார்" என்ற சமாதானம் இதன் தொடர்ச்சி. நேர்மையான, திறமையான கொன்ட்ராக்டர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். ஆனால் அவருடைய தொழில் கட்டுவது. கட்ட முடியாது என்ற பதிலில் அவருக்கு வருமானம் இல்லை. கட்டலாமா என்ற கேள்வியை, கட்டினால் சம்பாதிப்பவரிடம் மட்டும் கேட்பது விவேகம் ஆகாது. சட்டத்தின் கண்ணிலும் காணிக்காரர் தம் பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட முடியாது. அரசு தரும் உதவிகளும் இந்தக் கேள்வியிலேயே வந்து முடிகின்றன. 65 வயதை எட்டிய பெற்றோரோ உடற்குறையுள்ள உறவினரோ வாழத் தனிக் குடியிருப்பு அமைப்பவர்களுக்கு, 50,000 டொலர் வரையான செலவுக்கு மத்திய அரசு 2023 முதல் வரிச்சலுகை தருகிறது. ஆனால் அந்தக் குடியிருப்பு உள்ளூர் விதிகளின்படி இரண்டாம் குடியிருப்பாக ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 2025 சனவரி முதல், மேலதிகக் குடியிருப்பு கட்டுவதற்காக வீட்டுப் பெறுமதியின் 90 வீதம் வரை காப்புறுதியோடு மீள்கடன் பெறலாம். அங்கேயும் நகரசபை விதிக்கு அமைந்த குடியிருப்பே தகுதி பெறும். ஒட்டாவா தரும் பணத்தின் சாவியும் உங்கள் நகரசபையின் வலய விதிக்குள்தான் இருக்கிறது.

கடைசியாக வரும் மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். விதிகள் ஆங்கிலத்தில், சட்ட மொழியில், நூற்றுக்கணக்கான பக்கங்களில் இருக்கின்றன, இரண்டு வேலை செய்யும் மனிதர் அதை எப்படி வாசிப்பார் என்ற கேள்வி நியாயமானது. நகரசபைகள் இதை எளிமைப்படுத்த இன்னும் எவ்வளவோ செய்ய வேண்டும். தமிழர் செறிந்து வாழும் வட்டாரங்களில் இந்த விதிகளின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும் என்று நாம் உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும். ஆனால் அது வரும்வரை கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கத் தேவையில்லை. ரொறன்ரோவில் முகவரியைக் கொடுத்தால் காணியின் வலயத்தைக் காட்டும் வரைபடம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. 311 என்ற இலக்கத்தை அழைத்தால் 180-க்கு மேற்பட்ட மொழிகளில் மொழிபெயர்ப்பு உதவி கிடைக்கும். கட்டணம் செலுத்தினால், உங்கள் வரைபடம் வலய விதிக்குப் பொருந்துகிறதா என்று மாநகரசபையே ஆராய்ந்து எழுத்தில் பதில் தரும். அந்த எழுத்துக்கு முன்னால் முகவரின் வாக்குறுதியும் உறவினரின் அனுபவமும் நிற்காது. ஒழுங்கும் எளிதானதுதான். முதலில் நில அளவைப் படத்தையும் உறுதியையும் கையில் எடுங்கள். காணி எந்த வலயத்தில், எந்த விதிக்குக் கீழ், எந்தப் பாதுகாப்பு எல்லைக்குள் இருக்கிறது என்று பாருங்கள். பக்கவாட்டு வழியையும், தெருவிலிருந்து பின்வாசல் வரையான தூரத்தையும், மரங்களையும் அளவிடுங்கள். ஏற்கனவே வீட்டுக்குள் எத்தனை குடியிருப்புகள் இருக்கின்றன என்று நேர்மையாக எண்ணுங்கள். அதற்குப் பிறகுதான் வரைபடக்காரர், அனுமதி கிடைத்த பிறகுதான் கொன்ட்ராக்டரின் ஒப்பந்தம்.

பின்வளவு வீட்டுக்கு ஒரு குணம் உண்டு. அதைப் பிரித்துத் தனியாக விற்க ரொறன்ரோ விதி இடம் கொடுக்கவில்லை. முன்வீட்டின் காணியோடும் குழாயோடும் உறுதியோடும் அது கடைசிவரை பிணைந்தே நிற்கும். அதில் செய்யும் பிழையும் அப்படியே, முழுச் சொத்தோடும் பிணைந்து பிள்ளைகளின் கைக்குப் போகும். பாடுபட்டுச் சேர்த்த வீட்டை அவர்களுக்குக் கொடுக்க நினைக்கும் தலைமுறை, கேள்விக்குறி ஒட்டிய சொத்தாக அதைக் கொடுக்கக் கூடாது. இந்த நகரத்தில் பின்வளவு வீடு கட்டும் உரிமையை நாம் கேட்டுப் பெற்றிருக்கிறோம். அந்த உரிமை காணிக்குக் காணி, மீற்றருக்கு மீற்றர் எழுதப்பட்டிருக்கிறது. முற்பணம் கொடுக்கும் முன் உங்கள் காணிக்கு எழுதியதை வாசியுங்கள். பொருந்தினால் ஒருவரிடமும் தலை குனியாமல் கட்டுங்கள்.